சரியாகாத முழங்காலுக்குச் சொன்ன ஸ்தோத்திரம்

கர்த்தருடைய பிள்ளைகளே, இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. சபையில் ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொல்லும்போது நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் எனக்குக் கிடைத்த உதவியை மூடி வைப்பது அதைவிட வெட்கம். அதனால் எழுதிச் சொல்கிறேன்.

என் பெயர் எஸ்தர். பட்டினப்பாக்கத்தில் வளர்ந்தவள். என் சிறு வயதிலேயே அப்பா தவறிவிட்டார். அம்மா மீன் விற்று என்னையும் தங்கையையும் காப்பாற்றினாள். 1996-இல் மயிலாப்பூர் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிட ஓடினேன் என்பதுதான் சரி. நானூறு மீட்டர் தடை ஓட்டம். என் மார்க்கைப் பார்த்து யாரும் சீட் கொடுக்கவில்லை, காலைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். காலையும் மாலையும் நந்தனம் மைதானத்தில்தான் கிடப்பேன். வீட்டில் எந்த மீன் குழம்பானாலும் பெரிய துண்டு என் தட்டில்தான் விழும். “ஓட்ற பொண்ணு, துன்னட்டும்” என்பாள் அம்மா. தங்கை வாயைத் திறக்கமாட்டாள்.

அந்த வருட மழைக்காலத்தில், ஈரத்தரையில் தடையைத் தாண்டி இறங்கும்போது வலது முழங்கால் திருகிக்கொண்டது. உள்ளே தசைநார் கிழிந்துவிட்டது, இனி பந்தய ஓட்டம் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை. கட்டுப் பிரித்தால் எல்லாம் சரியாகும் என்று இருந்தேன். பிரித்தார்கள். கால் முழுசாக மடங்கவில்லை. கூட ஓடிய பெண்கள் முதலில் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அப்புறம் போட்டிகள் ஆரம்பித்தன, வருவது நின்றது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கைக்கு வருமுன்பே வந்துவிட்டது என்று விசுவாசத்தோடு எழுந்து நன்றி சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். “எம் பொண்ணு கால கர்த்தர் சொகமாக்கிட்டாரு. ஸ்தோத்திரம்!” என்றாள். சபை முழுக்கக் கை தட்டியது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

அன்றிலிருந்து என்னால் நொண்டக்கூட முடியாமல் போனது. நொண்டினால் அம்மா பொய் சொன்னவள் ஆவாள். அதைவிட, கர்த்தர் பேரும் கெடும் என்று பயந்தேன். தெருவில் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பேன். அம்மா கூடையோடு கிளம்பிப் போன பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொள்வேன். ஜெபத்தில் எல்லாரும் முழங்கால்படியிடும்போது நான் மட்டும் முன்னால் குனிந்து முகத்தை மூடிக்கொள்வேன். எல்லாரும் கண்ணை மூடியிருந்ததால் பிழைத்தேன்.

கல்லூரிக்குப் போவதை நிறுத்தினேன். பகல் முழுக்கப் படுத்தே கிடந்தேன். குளிக்கப் பிடிக்கவில்லை. யார் கதவைத் தட்டினாலும் பயம். ஆனாலும் அந்தப் பெரிய மீன் துண்டு தினமும் என் தட்டுக்கு வந்தது. ஓடாத காலுக்கு எதற்கு இது என்று தோன்றும். தங்கையின் தட்டைப் பார்க்கவே மாட்டேன். அவ்வளவு அவமானமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சபைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா வைத்தார்கள். “எஸ்தர் மொதல்ல ஒரு ரவுண்டு ஓடட்டும். பாக்குற பிள்ளைகளுக்கு விசுவாசம் வளரும்” என்றார் பாஸ்டர். அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. நான் தலையாட்டினேன்.

விழாவுக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் கடற்கரைக்குப் போனேன். படகுகளுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்தேன். தண்ணீருக்குள் நடந்து போய்விடலாம் என்ற எண்ணத்தில்தான் போனேன். இதை எழுதவே கை கூசுகிறது. அன்றைக்கு நான் காலைச் சுகமாக்கும் என்று கேட்கவில்லை. “ஆண்டவரே, யாரையாவது அனுப்பும். என்னால் தனியாகத் தாங்க முடியவில்லை” என்று மட்டும் கேட்டேன்.

அம்மா எப்போதும் மற்ற பெண்களோடு டெம்போவில் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்த்தான் மீன் எடுப்பாள். அன்று டெம்போ வரவில்லை. கரையிலேயே ஏதாவது கிடைக்குமா என்று கூடையோடு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடி, இங்க வந்து குந்திக்கினு கீற? எய்ந்திரு.”

“முடியலம்மா. கால் மடங்கல. ஒரு நாளும் சரியாகவே இல்லம்மா. எனக்கு உசுரோட இருக்கவே புடிக்கல.”

அம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் என் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தாள்.

“நான்தான சபையில சொன்னேன்? நானே போய் மாத்திச் சொல்றேன்.”

“வேணாம்மா. சிரிப்பாங்க.”

“சிரிச்சிக்கினு போகட்டும். எனக்கு நீ வோணும்டி.”

அடுத்த ஞாயிறு அம்மா மறுபடி எழுந்தாள். “போன தபா நான் அவசரப்பட்டுட்டேன். எம் பொண்ணு காலு சரியாவல. மனசும் ஒடைஞ்சி கீது. அவ ஓடமாட்டா. எல்லாரும் அவளுக்காக ஜெபம் பண்ணுங்க” என்றாள். யாரும் கை தட்டவில்லை. பின்னால் யாரோ “விசுவாசம் பத்தல” என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. உடம்பே கூசிப்போனது. அம்மா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. பாஸ்டர்தான் இறங்கி வந்தார். “தப்பு என் மேலயும் இருக்கும்மா” என்று அம்மாவிடம் சொன்னார். மறுநாள் அவரே எங்களை ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

பைத்தியக்கார டாக்டர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வாசலில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “ஓடப் போகாத நாள்ல நீ என்ன பண்ணுவே?” என்று உள்ளே போனதும் டாக்டரம்மா கேட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படி ஒரு நாள் எனக்கு இருந்ததே இல்லை. மாத்திரை கொடுத்தார், தவறாமல் வந்து பேசச் சொன்னார். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சபையில் சிலர் சொன்னார்கள். யாரையாவது அனுப்பும் என்று கேட்டதற்கு அம்மாவை அனுப்பியவர்தான் அந்த டாக்டரையும் அனுப்பினார் என்று நான் நம்புகிறேன்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. ஒரு வருடம் வீணானது. தி.நகரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்துக்கொண்டே அரியர் பேப்பர்களை எழுதி முடித்தேன். இப்போது அடையாறில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. நந்தனம் வந்தால் முன்பெல்லாம் பஸ்ஸில் தலையைத் திருப்பிக்கொள்வேன். இப்போது ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். வலிக்கத்தான் செய்கிறது. வெட்கமும் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் எழுந்திருக்கப் பிடிக்கிறது. அதற்காகக் கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டில் விளையாட்டை விட்ட பிள்ளை யாராவது சும்மா படுத்துக் கிடந்தால், சோம்பேறி என்று திட்டாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்தப் பிள்ளை நீங்களே என்றால், சரியாகாததைச் சரியாகவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் அழுதுகொண்டு உளறினேன், அதையும் கேட்டார்.