மிதக்க மறுத்த காந்தம்

மூடநம்பிக்கையைக் கண்டித்து இரண்டு புத்தகங்கள் எழுதிய நான், ஒருவருக்குக் குதிரை லாடத்தில் அடித்த இரும்பு மோதிரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பேரம்கூடப் பேசவில்லை. எங்கள் மெக்கானிக் பக்கவாதத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் அது. படித்தது எதுவும் கைகொடுக்கவில்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வாசலில் துணி விரித்து விற்றவரிடம் வாங்கிப் போய், மெக்கானிக்கின் வலது கை விரலில் நானே மாட்டிவிட்டேன். கண்ணேறு கழியுமாம்.

மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எதுவானாலும் எரிந்துபோன கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்டுகிறவர் அவர். ஆவூரில் கடை. வீடு திரும்பியபின் நடை வந்தது, பேச்சு வந்தது, வலது கை நடுக்கம் மட்டும் நின்றபாடில்லை. முடிபோன்ற செம்புக் கம்பியைச் சுற்றுகிற கை. கடையைக் காலி செய்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனதைத் திருப்ப, எங்கோ படித்த ஒன்றைச் சொல்லிவைத்தேன்: கார்பன் காந்தத்தை மிக மிக லேசாகத் தள்ளும், இரண்டு கார்பன் துண்டுகளுக்கு நடுவே ஒரு குட்டிக் காந்தத்தை அந்தரத்தில் நிறுத்தலாம்.

"அப்ப செஞ்சு பாத்துருவோம் பங்காளி. இந்தக் கையால அது மிதந்தா கடை. மிதக்கலேன்னா ஷட்டரை இறக்கிருவேன்" என்றார். ஆறுதல் சொல்லப் போனவன் தீர்ப்புக்குத் தேதி குறித்துவிட்டு வந்தேன்.

மிக்ஸி மோட்டாருக்குள் உரசும் கார்பன் துண்டு மிகச் சிறியது. ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளான்ட் மோட்டாரில் எப்போதோ கழற்றிய கார்பன்கள் அவரிடம் இருந்தன, தீப்பெட்டி அளவில். உப்புத்தாளில் தேய்த்து மட்டம் செய்தார். அவர் வீட்டு மேசையில் ஒன்று கீழே, ஒன்று மேலே, நடுவே பருப்பளவு காந்தம். அதன் எடையைத் தாங்கிப் பிடிக்க, இன்னும் உயரத்தில் ஒரு ஸ்பீக்கர் காந்தம், பித்தளை போல்ட்டில் தொங்கியது. போல்ட்டைத் திருகி உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். பக்கத்தில் இரும்பு இருந்தால் எல்லாம் கெடும் என்று நான் எச்சரித்ததால், மரச் சட்டத்தை ஆணியில்லாமல் நைலான் கயிற்றால் கட்டினோம். ஸ்டீல் நாற்காலியைக்கூட வெளியே போட்டோம்.

பதினோரு நாள். அவர் கை போல்ட்டை நெருங்கும்போதெல்லாம் காந்தம் துடித்து மேலே போய் ஒட்டியது, இல்லையென்றால் கீழே விழுந்தது. அவர் காந்தத்தைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். எனக்கும் முடியவில்லை, டப்பா மூடியே சரியாகத் திறக்கத் தெரியாதவன் தோற்றதால் எதுவும் நிரூபணமாகாது.

பன்னிரண்டாம் நாள் காலை நான் போனபோது, அவர் மனைவி கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தார். மோதிரம் ஜன்னலில் இருந்தது. நடுங்கும் விரல்களால் மெக்கானிக் போல்ட்டைத் திருகினார். காந்தம் எழுந்தது, நின்றது. தினசரித் தாளைக் கிழித்து அதற்கு மேலும் கீழும் விட்டுப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை.

அவர் சிரிக்கவில்லை. மோதிரத்தைப் போட்டுக்கொண்டு கையைக் கொண்டுபோனார், ஒட்டியது. கழற்றினார், மிதந்தது. மூன்று முறை. பழுதைத் திரும்ப வரவழைத்துப் பார்க்காமல் நம்புகிற வழக்கம் அவருக்கில்லை.

"பழுது இங்கிட்டு இருந்திருக்கு" என்று மோதிரத்தை என் பக்கம் தள்ளினார். "கையில இல்ல. இரும்பை காந்தம் இழுக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா பங்காளி?"

"மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச ஒங்களுக்கு?"

"எனக்கு மூளையில அடைப்பு. ஒங்களுக்கு என்னவாம்?"

நடுக்கம் இன்றும் இருக்கிறது. அந்த போல்ட்டிடம் கற்றதை வைத்துக் காயில் சுற்ற, கை நடுங்கினாலும் கம்பி விலகாத ஒரு திருகுச் சட்டம் செய்துகொண்டார். ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி ஆகிறது. ஆகட்டும், ஷட்டர் மேலேதான் இருக்கிறது.

காந்தம் மிதந்த அன்று அவர் மனைவி எட்டிப் பார்த்தபோது, இயற்கையின் விந்தையைப் பற்றி நான் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மிதக்குது, சரிங்க. மேசையை ஒழிச்சுக் குடுத்தா நல்லது. இந்தப் பதினோரு நாள்ல ரிப்பேருக்கு நான் வாங்கிப்போட்ட மிக்ஸி ஒம்பது, கட்டிலுக்கு அடியில கெடக்கு."