பாளையங்கோட்டைக்கு, ஒரு டென்னிஸ் சண்டையைத் தீர்க்க

பிப்ரவரி இரண்டாவது வாரம் வெள்ளி இரவு கிளம்பி, ஞாயிறு இரவு ரயிலில் திரும்பிய பயணம் இது. திருநெல்வேலிக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லாரும் ஒரே குரலில் அல்வா கேட்டார்கள். அல்வாவைப் பற்றி இந்தப் பதிவில் ஒன்றும் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குற்றாலமும் கிடையாது, பாபநாசமும் கிடையாது. நான் போனது பாளையங்கோட்டையில் நடந்த சின்னதொரு பெண்கள் டென்னிஸ் போட்டியைப் பார்க்க. அதுவும் ஒரு சாக்குதான். உண்மையில் எஸ்தர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

எஸ்தர் அக்கா பாளையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபது இருக்கும். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பெண்கள் டென்னிஸ் ரசிகர்கள் நாற்பது பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில்தான் பழக்கம். ஐந்து வருடம் பேசியிருக்கிறோம், நேரில் பார்த்ததில்லை. பெரிய இறுதிப்போட்டி எதுவானாலும் போனில் சேர்ந்தே பார்ப்போம். அவர் வீட்டு டிவியில் பந்து விழுந்து ஏழெட்டு நொடி கழித்துத்தான் குரோம்பேட்டையில் என் போனில் விழும். அந்த நொடிகளில் அக்கா மூச்சு விடமாட்டார். நான் 'ஐயோ' என்ற பிறகுதான் அவரும் 'ஐயோ' என்பார். எனக்கு நாற்பத்து மூன்று வயது, தனியாக இருக்கிறேன். என் 'ஐயோ'வுக்காக ஒருத்தர் காத்திருந்தது அந்த ஐந்து வருடம்தான்.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஒருத்தியே எல்லாவற்றையும் ஜெயித்தால் ஆட்டம் சப்பென்று போய்விடுகிறது, எதிரே நிற்பவர்களுக்குத் தரமில்லை என்று அர்த்தம் என்பது என் கட்சி. குழுவில் பாதிப்பேர் என் பக்கம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் ஜெயித்தால், 'நிலைத்து நிற்க ஒருத்தி இல்லையே, தரம் போய்விட்டதே' என்று புலம்புவதும் நாங்களேதான். “ஆம்பளையாளு ஒருத்தரே பத்து வருசம் ஜெயிச்சா பொற்காலம்னு சொல்லுதிய. பொம்பள ஜெயிச்சா போரடிக்கின்னு சொல்லுதிய. இது எந்த ஊருக் கணக்கு?” என்பார் அக்கா. முதலிடத்தில் இருப்பவள் பக்கம்தான் அவர் எப்போதும். அது எனக்கு ஆகாது. தோற்பவளுக்காக உருகுவதுதான் நல்ல ரசிகருக்கு அடையாளம் என்று ஒரு நினைப்பு எனக்கு.

போன ஜூனில் ஒரு பெரிய இறுதிப்போட்டியில் எனக்குப் பிடித்தவள் ஒரு மணி நேரத்துக்குள் சுருண்டாள். அந்த எரிச்சலில் குழுவில் எழுதினேன்: 'எஸ்தர் அக்காவுக்கு ஜெயிக்கிறவர்களை மட்டும்தான் பிடிக்கும். தனியாக இருப்பவர்களுக்கு அப்படி ஒரு பிடிமானம் தேவைப்படுகிறது போல.' எழுதியவளும் தனியாள்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. பத்து நிமிடத்தில் அக்கா குழுவை விட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. எட்டு மாதத்தில் மூன்று இறுதிப்போட்டிகள் போயின. மூன்றையும் நான் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் பார்த்தேன்.

பாளையில் மாநில அளவில் பெண்கள் போட்டி என்று ஒரு சுவரொட்டிப் படம் குழுவில் வந்ததும் டிக்கெட் போட்டேன். அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'சனி, ஞாயிறு பாளை மைதானத்தில் இருப்பேன். வருவீர்களா?' பார்த்ததற்கு நீல அடையாளம் விழுந்தது. பதில் விழவில்லை.

எழும்பூரிலிருந்து இரவு ரயில், ஸ்லீப்பர் 395 ரூபாய். காலை ஆறே முக்காலுக்குத் திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினேன். அங்கிருந்து பாளை பேருந்து நிலையம் ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் நன்றாகவே போனது, ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் ஒற்றை அறை 900 ரூபாய். தனியாக வரும் பெண்ணுக்கு அறை தர மேலும் கீழும் பார்த்தார்கள். “சொந்தக்காரவிய யாரும் இங்கன இருக்காவளா?” என்றார் மேசையில் இருந்த அண்ணாச்சி. ஒரு அக்கா இருக்கிறார் என்றேன். பொய்யா உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு தெரு தள்ளி நாற்பது ரூபாய்க்கு நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு மைதானத்தில் இருந்தேன்.

மூன்று களிமண் கோர்ட்டுகள், ஒரு வேப்பமரம், கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள். நுழைவுக் கட்டணம் இல்லை. அரையிறுதியில் முதல் ஆட்டம் கோவில்பட்டிக்காரப் பெண் சுபாவுக்கு. பத்தொன்பது வயது, போட்டியின் தரவரிசையில் முதலிடம். ஆறு-பூஜ்யம், ஆறு-ஒன்று. நாற்பத்தெட்டே நிமிடம். வழக்கமாக இந்த ஸ்கோரைப் போனில் பார்த்தால் 'தரமே இல்லை' என்று தட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். பெண்கள் டென்னிஸ் ரசிகர்களில் பாதிப்பேர் இப்படித்தான். சின்னப் போட்டிகளுக்கு ஒளிபரப்பு கிடையாது, ஓடும் எண்களைப் பார்த்தே அவள் பயந்துவிட்டாள், இவள் சோம்பேறி என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம்.

பத்தடி தூரத்தில் உட்கார்ந்தால் கதை வேறு. எதிராளி ஒன்றும் மோசமில்லை. கட் செய்து தாழ்வாகப் போடுகிறாள், நன்றாக ஓடுகிறாள். ஆனால் சுபா பந்து அடித்த மறுநொடியே அடுத்த பந்து வரப்போகும் இடத்தில் நிற்கிறாள். டிவியில் அடிப்பது தெரியும், இந்த நடை தெரியாது. முதல் சர்வ் தவறினால் எதிராளி பத்திரமாக மெதுவாகப் போடும் இரண்டாவது சர்வுக்கு ஒரு அடி உள்ளே வந்து நின்றாள். அவ்வளவுதான் செய்தாள். அவள் அங்கே நிற்பதைப் பார்த்தே அந்தப் பெண் சர்வை ஓங்கி அடிக்கப் போய் வலையில் போட்டாள். நான்கு முறை. எதிராளி தானாகத் தப்புச் செய்தாள் என்றுதான் எண்கள் சொல்லும். தப்பைச் செய்ய வைத்தவள் ஓரடி முன்னால் அமைதியாக நின்றுகொண்டிருந்தாள். இருபது வருடம் டென்னிஸ் பார்த்தவளுக்கு இது இப்போதுதான் கண்ணில் பட்டது. வெட்கமாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற பெண்ணைச் சுற்றி மற்ற பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி முடியைக் கோதிவிட்டாள், ஒருத்தி பிஸ்கட் நீட்டினாள், கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. சுபா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்த் தனியாக எலுமிச்சை சாதம் சாப்பிட்டாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

“அக்கா, சும்மாதான் இருக்கியளா? கொஞ்சம் பந்து பொறுக்கிப் போடுதியளா?”

“ஏம்மா, கூட ஆட இத்தனை பேர் இருக்காங்களே?”

“எங்கூட பிராக்டிஸுக்கு வரமாட்டாவ. நாளப்பின்ன என்கிட்ட ஆடணும்லா. ஆட்டத்தப் படிச்சிருவேன்னு சொல்லுதாவ.” வருத்தமாகச் சொல்லவில்லை. வெயிலடிக்கிறது என்பதைப் போலச் சொன்னாள்.

ஒரு மணி நேரம் பந்து பொறுக்கினேன். அவள் சர்வ் போடுவாள், நான் மறுபக்கம் கூடையில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இடுப்பு விட்டுப்போனது. அத்தனை நேரமும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எஸ்தர் அக்கா வரவில்லை.

மதியம் அறையில் இருக்கப் பிடிக்கவில்லை. மூன்று மணிக்கு சீவலப்பேரி பஸ் நின்றது, ஏறிவிட்டேன். முக்கால் மணி நேரப் பயணம். வழியில் நெல் பழுத்து அறுப்புக்குத் தயாராக இருந்தது. பக்கத்தில் வயல்வேலை முடித்துத் திரும்பும் ஒரு அம்மா உட்கார்ந்தார்.

“ஒத்தையிலயா வந்தே?”

“ஆமாம்மா. பாளையில டென்னிஸ் பார்க்க.”

“ஒம் மவ ஆடுதாளா?”

“இல்லைம்மா.”

“சொந்தக்காரப் புள்ளையா?”

“இல்லை.”

“பின்ன எதுக்கு இம்புட்டு தூரம் வந்தே?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு வெள்ளரிப் பிஞ்சை எடுத்து என் கையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவர் இறங்கும்வரை அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேரும் இடத்துக்கு நடந்து போய்ப் படித்துறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கூட்டமில்லை, குரங்கில்லை, கடையில்லை, பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அழகான இடத்தில் 'பார்த்தியா' என்று சொல்ல ஆளில்லாமல் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. தனிப்பயணத்தைப் பற்றி இந்தத் தளத்தில் நான் எழுதிய வீரவசனங்களையெல்லாம் அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு இறுதிப்போட்டி. இன்றைக்கு அக்கா வராமல் இருக்கமாட்டார் என்று நினைத்தேன். அரையிறுதியை விடலாம், இறுதிப்போட்டியை விடுகிறவர் இல்லை அவர். சுபா முதல் செட்டை ஆறு-ஒன்று என்று எடுத்தாள். எனக்குப் பாதி ஆட்டம் கண்ணில் படவில்லை, வாசலில்தான் கண். இரண்டாவது செட் ஆறு-இரண்டு. கடைசிப் பந்து விழுந்ததும் எழுந்துவிட்டேன். வரவில்லை என்றால் அதுதான் பதில் என்று பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். மணி எட்டு நாற்பது. ஆட்டோக்காரரிடம் லாட்ஜ் பெயரைச் சொன்னேன்.

“மேட்ச் பாக்கவா வந்திய? ஆளே இருந்திருக்காதே.”

“ஆமாண்ணே. ஒருத்தங்க வருவாங்கன்னு பார்த்தேன். இங்கதான் டீச்சரா இருந்தாங்க, எஸ்தர்னு.”

அவர் திரும்பிப் பார்த்தார். “ஞாயித்துக்கிழம காலையில எஸ்தர் டீச்சர் எங்கன வருவாவ? கோயிலுக்குல்லா போயிருப்பாவ. பத்தரைக்கு முடியும். அங்கன எறக்கி விடட்டா?”

ஐந்து வருடம் பேசியிருக்கிறேன். ஞாயிறு காலையில் அக்கா ஒருநாளும் போன் எடுத்ததில்லை. ஏனென்று நான் கேட்டதே இல்லை. மேட்ச் எப்போது என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். பாளையில் பாதி ஊருக்கு அது கோயில் நேரம் என்று ஆட்டோக்காரர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டு தேவாலய வாசலில் இறக்கிவிட்டார். இரண்டு மணி நேரம் மரத்தடியில் நின்றேன். உள்ளே பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, ஜனம் வெளியே வந்தது. குழுவில் அவர் படம் சின்னதாகப் பார்த்ததுதான். வெள்ளைச் சேலையில் உயரமாக ஒருவர் யாரிடமோ “சரி, வாரேன்” என்றதும் குரலை வைத்துக் கண்டுபிடித்தேன்.

“அக்கா, மாலதி.”

என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “இம்புட்டு ஒல்லியா இருப்பேன்னு நெனைக்கல. சாப்பிட்டியா?”

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. எட்டு மாதமாக மனதில் எழுதி வைத்திருந்த வரிகளில் ஒன்றும் வரவில்லை. “நான் எழுதினது தப்பு அக்கா. எனக்குத்தான் அந்தப் பிடிமானம் வேணும். உங்களைச் சொல்லிட்டேன்” என்றேன்.

“மேட்ச் முடிஞ்சிட்டா? யாரு?”

“கோவில்பட்டிப் பொண்ணு. ஆறு-ஒண்ணு, ஆறு-ரெண்டு.”

“கப்பு வாங்கயில அவ கூட யாரு நின்னா?”

எனக்குத் தெரியவில்லை. நான் அதற்குள் கிளம்பிவிட்டேன். அதையே சொன்னேன்.

“தோத்த புள்ளைக்கு அழ நாலு தோளு கெடைக்கும். ஜெயிச்ச புள்ள கப்பத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்கும். எங்க வீட்டுக்காரர் போன அன்னைக்குத்தான் ஒரு பெரிய ஃபைனல். ஊரே எங்கூட அழுதுச்சு. ஒரு மாசங் கழிச்சு நான் மொதத் தடவ சிரிச்சப்ப கூட சிரிக்க ஒரு ஆளு இல்ல. அதுலருந்து ஜெயிக்கிறவ பக்கம் ஒக்காருதேன். நீ அதத்தான் எழுதின.”

நான் அழுதேன். கோயில் வாசலில் அழுவது அங்கே புதிதில்லை போல, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“உன்ன மன்னிச்சாச்சும்மா. போன வருசமே மன்னிச்சாச்சு. வாராவாரம் ‘நாங்க மன்னிக்கது மாரி எங்களையும் மன்னியும்’னு ஜெபத்தச் சொல்லிட்டு மன்னிக்காம இருக்க முடியுமா? ஆனா உங்கூட சேந்து மேட்ச் பாக்க எனக்கு மனசு வரல. வந்தா நானே கூப்பிடுதேன். நீ கூப்பிடாத.” என் தோளில் இரண்டு தட்டு தட்டினார். “பைய நடந்து போ. வெயில் ஏறுது.”

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். பிறகு பாளை பேருந்து நிலையத்துக்கு ஓடினேன், சந்திப்புக்குப் போனேன், புது பஸ் ஸ்டாண்டுக்கும் ஆட்டோ பிடித்தேன். கோவில்பட்டி பஸ்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஏறிப் பார்த்தேன். சுபா போயிருந்தாள்.

இரண்டு நாளுக்கு எனக்கு ஆன செலவு, ரயில் இரண்டு பக்கமும் சேர்த்து, 2,600 ரூபாய்க்குள். பிப்ரவரியில் போவது நல்லது, ஆற்றில் தண்ணீர் இருக்கும், ஆனால் பத்து மணிக்கு மேல் மைதானத்தில் நிழல் போதாது, தொப்பி வேண்டும். சீவலப்பேரி போகிறவர்கள் திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாளையில் யாரையாவது பார்க்கப் போனால் ஞாயிறு காலையில் தேடாதீர்கள். சின்னப் போட்டிகளை ஒருமுறையாவது நேரில் பாருங்கள். ஸ்கோரை நம்பி யாருடைய தரத்தையும் பேசாதீர்கள், நான் இருபது வருடம் பேசினேன். முக்கியமாக, ஆட்டம் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள், ஜெயித்தவள் கோப்பை வாங்கும்வரை இருங்கள். கைதட்ட ஏழெட்டுப் பேர்தான் இருப்பீர்கள். ஒருவர் குறைந்தாலும் அவளுக்குத் தெரியும்.