மேலா கீழா என்று கேட்காமல் போட்ட பச்சைக் கோடு

ஔ சிம்முக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. அரசை எதிர்த்து ஹாங்காங் தெருவெல்லாம் ஊர்வலமாகக் கிடந்த அந்த வருஷம், ஞாயிறானால் அவளுக்கு வேறு வேலை. மோங் காக் பேட்டையில் தன் வீட்டில் உட்கார்ந்து, தெருவிலிருந்து வரும் சேதிகளைப் பார்த்து, ஊர்வலக்காரர்கள் எல்லோரும் பார்க்கிற போன் வரைபடத்தில் குறி போடுவாள். போலீசுக்கு நாய்ப் படம், தப்பிக்கும் வழிக்குப் பச்சைக் கோடு. ரெண்டு பேர் சொல்லாமல் கோடு போடக்கூடாது, அதுதான் விதி.

ஒரு ஞாயிறு கூட்டத்தில் அவள் தங்கை வாய்-லாமும் இருந்தாள். தெருவின் இரு முனையிலும் கண்ணீர்ப் புகை. "நடைபாலத்துப் பக்கம் காலி" என்று ஒரே ஒருவன் எழுதினான். பாலத்தில் ஏறி மறுபக்கப் படியில் இறங்குகிற மாதிரி சிம் கோட்டை இழுத்துவிட்டாள்.

"ரெண்டு பேர் சொன்னாங்களா?" என்றான் புருஷன் குவோக்-ஹிங், நூடுல்ஸ் சட்டியோடு வந்து.

"என் தங்கச்சி மூச்சு முட்டி நிக்கிறா. நீ சட்டியப் பாரு."

"அந்தக் கோட்ட உன் தங்கச்சி மட்டுமாடி பாக்குறா? சரி, சொன்னவன் எங்க நிக்கிறான்? மேலயா, கீழயா?"

சிம் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தெரு, அதன் மேல் பாலம். வரைபடத்தில் ரெண்டும் ஒரே புள்ளி. சேதி எழுதியவனிடம் அவசரமாகக் கேட்டாள். 'பாலத்து மேல' என்று பதில் வந்தது. 'கீழ எட்டிப் பாருங்கண்ணே' என்று எழுதினாள். பதில் வர ஒரு யுகம் ஆனது போலிருந்தது.

'படிக்கு அடியில கேடயத்தோட வரிசையா நிக்கிறாங்க.'

கோட்டை அழித்தாள். ஏற்கெனவே பார்த்தவர்களை எப்படி அழிப்பது? கூட்டத்தில் இருப்பவர்களுக்குப் போன் போடக்கூடாது, போலீஸ் ஒட்டுக்கேட்கும் என்பதும் விதிதான். போட்டாள்.

"அக்கா, படியில இறங்கிட்டிருக்கோம். நீ போட்ட கோடுதான?"

"இறங்காத! திரும்பி ஏறு!"

"முன்னாடி ஆளுங்க போறாங்கக்கா!"

"அவங்களையும் கூப்பிடுடி, கத்து!"

'மேல! மேல!' என்று தங்கை அலறியது கேட்டது. அப்புறம் காலடிச் சத்தம். லைன் அறுந்தது.

இருட்டுகிற நேரத்தில் வாய்-லாம் முழங்கால் தோல் உரிந்து வந்து சேர்ந்தாள். சிம் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை.

"முன்னாடி போனவங்க?"

"பாதிப் பேரு ஏறிட்டாங்க." தங்கை நூடுல்ஸைக் கிளறினாள். "மீதிப் பேருக்குக் கேக்கலக்கா."

அடுத்த ஞாயிறும் சிம் உட்கார்ந்தாள். ரெண்டு பேர் சொன்ன பிறகும் உடனே கோட்டில் கை வைக்கவில்லை. 'மேலயா, கீழயா?' என்று இருவரிடமும் கேட்டு, பதில் வரும்வரை விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.