பீ வாங்க வந்தவள்

நனாய் ஆற்றோரத்துப் பலகைப் பாலத்தில் ஓர்ஃபித்தா வந்தாலே, "அம்மா, பீ வாங்குறவ வந்துட்டா!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை. கைக்குழந்தைகளுக்கு எந்தக் கிருமியால் பேதியாகிறது என்று பார்க்க, வீடு வீடாக மலம் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து இகீத்தோஸ் நகர ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதுதான் அவள் உத்தியோகம். விருந்துக்குப் போனால், கையைக் கழுவினாயா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை நீட்டுவார்கள்.

அன்று அவள் முகத்தில் சிரிப்பில்லை. அவள் ஞானத்தாயாக நின்ற குழந்தை நில்தோன் தண்ணீராகப் போய்ப்போய்க் கண் குழிந்து கிடந்தான். உப்பு சர்க்கரை நீர் கொடுத்தும் தேறவில்லை. கிருமி எதுவென்று தெரியாமல் மருந்தெழுத மாட்டேன் என்றார் மருத்துவர். கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கும் ஆய்வக மெஷினோ, ஆரோக்கியமான பிள்ளை வயிற்றிலும் இருக்கிற அளவுக்குத்தான் கிருமி இருக்கிறது, நோய் வருமளவுக்கு எதுவுமில்லை என்று கைவிரித்துவிட்டது.

ஓர்ஃபித்தா நேரே போய் நில்தோனின் தாய் லெய்தியின் வீட்டு ஏணியில் ஏறினாள்.

"ஏண்டி, நீ குடுத்தது உன் மகனோடதுதானா?"

"பின்ன உங்க வீட்டுக்காரரோடதா?"

"விளையாடாத. இவனுக்கு ஒண்ணுமில்லேங்குது மெஷின். இங்க எலும்பும் தோலுமா கெடக்கான்."

வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்த லெய்தியின் கத்தி பாதியில் நின்றது.

"பக்கத்து வீட்டுப் புள்ள எல்மெரோடது அக்கா. அது கெட்டியா இருந்துச்சு. கஞ்சித் தண்ணி ஊத்திக் கலக்கிட்டேன்."

"எந்தக் கரண்டிலடி கலக்கின?"

"ஓட்டைக் கரண்டிதான். தூக்கிப் போட்டுட்டேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"இவன் நாய் குரைச்சுப் பயந்த புள்ள. உயிரே பாதிதான் ஒட்டிக்கிட்டிருக்கு. இந்த நேரத்துல இவன் பீ டவுனுக்குப் போயி எவன் கையிலயாவது மாட்டினா? எங்க பெரியம்மா மகனுக்கு ஒரு கத்தை முடியை வச்சே செய்வினை வச்சுட்டானுங்க!"

உன் மகன் பீயை எவனடி திருடுவான் என்ற கேள்வி ஓர்ஃபித்தாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தன் நகத்தை வெட்டினால் அடுப்பில் போட்டு எரிக்கிறவள் அவள். கேள்வியை விழுங்கிக்கொண்டாள்.

"டப்பா மேல சுருட்டுப் புகை ஊதி அனுப்பினா செய்வினை ஒண்ணும் ஒட்டாதுல்ல?"

"ஒட்டாது. ஆனா புகை ஊதுற வைத்தியர் அக்கரைக்குப் போயிருக்காரே."

"சுருட்டைக் குடு. நானே ஊதுறேன்."

நில்தோன் யாரையும் காக்க வைக்கவில்லை. போனதை டப்பாவில் எடுத்து இறுக்கி மூடிவிட்டு, அதுவரை புகைத்தறியாத ஓர்ஃபித்தா மப்பாச்சோ என்னும் காட்டுப் புகையிலைச் சுருட்டைப் பற்றவைத்தாள். முதல் இழுப்பிலேயே கண்ணில் நீர் முட்டியது. இருமிக்கொண்டே மூடிமேல் ஊதினாள்.

"சிலுவையும் போடுங்க அக்கா."

சிலுவையும் போட்டாள்.

இந்த முறை மெஷின் ஷிகெல்லா கிருமி என்றது; அதுவும் பட்டாளமாக. மருந்து வந்தது. முதல் கரண்டியை ஞானத்தாயின் சட்டைமேலேயே துப்பினான் நில்தோன். இரண்டாவது வயிற்றில் தங்கியது.

சில நாளில், தெருவே திரும்பிப் பார்க்க, லெய்தி பாலத்தில் ஓடி வந்தாள். "அக்கா, கெட்டியாப் போயிட்டான்! எல்லாம் உங்க புகைதான்!"

"மருந்து?"

"அதான் சரியாயிடுச்சே, நிறுத்திட்டேன்."

ஓர்ஃபித்தா ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"பாட்டில் காலியாகுறவரைக்கும் குடுக்கணும். ஒரு வேளை விட்டாலும் ஊதின புகையத் திரும்ப உறிஞ்சிக்குவேன்."

லெய்தி வந்த வேகத்திலேயே வீட்டுக்கு ஓடினாள்.