பாதி வாங்கு

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவிகள், ஆண்டுக்கொரு முறை கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் கூடுவோம். பேரப்பிள்ளை கண்டவர்கள்கூட அன்றைக்குத் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பிரித்த தங்கள் இல்லத்தின் நிறத்தில் சேலை உடுத்தி, நிறம் நிறமாகப் பிரிந்துதான் மேசைகளில் இருப்பார்கள். நான் நீலம். பச்சை மேசையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வலைப்பந்தில் அவர்களிடம் தோற்ற கோபம் முப்பது வருடமாகியும் ஆறவில்லை.

கட்டுரைப் போட்டியும் உண்டு. பள்ளிக்கூட நினைவு ஒன்றை எழுத வேண்டும், கற்பனை கூடாது. கட்டுரையில் வெறும் இலக்கம்தான் இருக்கும், பெயரைத் தனி உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். நடுவர்களும் பழைய மாணவிகள்தான், ஆனால் வெளியூரிலிருந்து பிடிப்பார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மூன்று வருடம் எழுதியும் எனக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. நான்காம் வருடம், ஸ்காபரோவின் ரூஜ் பக்கத்தில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் பேனையும் கையுமாக இருந்தபோது அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். தீவுப்பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, தவணை நடுவில் எங்கள் வகுப்புக்கு வந்தவள். வெள்ளைச் சீருடை இல்லாமல் பூப்போட்ட சட்டையோடு வாசலில் நின்றாள். கடைசி வாங்குப் பலகையில் தனியாக இருந்த ஒருத்தி நகர்ந்து பாதி வாங்கைக் கொடுத்தாள். இடைவேளையில் தன் ரொட்டியையும் பிய்த்துப் பாதியை நீட்டினாள். சம்பல் ஒழுகிச் சட்டையில் பட, இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்களைத் தனித்தனியாகக் கண்டவர்கள் இல்லை.

இதில் நான் எங்கே? முன்வாங்கில். என் பக்கத்தில் இடம் இருந்தது. ஆசிரியை முதலில் என்னருகில்தான் அவளை இருக்கச் சொன்னார். நான் என் புத்தகப் பையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தேன்.

கட்டுரையில் அந்தப் பையை எடுத்துவிட்டேன். இடம் கொடுத்தது நான், ரொட்டி பிய்த்தது நான். கொம்பியூட்டரில் ரைப் பண்ணித் தந்த மகள், "அம்மா, சீரியஸ்லி? இதெல்லாம் நீங்க செய்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம், பின்னை?" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

முதல் பரிசு எனக்குத்தான் என்று சங்கச் செயலாளர் போன் எடுத்தார். "மொன்றியலில இருக்கிற நடுவர் வாசிச்சிட்டு அழுதிட்டாவாம். எழுதினவவைக் காணவேணும் எண்டு கார் ஓடிக்கொண்டு வாறா. உங்கட பேரை இப்ப சொல்லவேண்டாமாம், மேடையில பாக்கிறாவாம்." எனக்குத் தலைகால் தெரியவில்லை. புது நீலப் பட்டு வாங்கினேன்.

மேடையில் நடுவர் கிண்ணத்தோடு நின்றார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. என் கட்டுரையின் இலக்கத்தைச் சொன்னதும் ஏறிப் போனேன். அவரோ எனக்குப் பின்னால் இன்னும் ஒருத்தி வருவதுபோல் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"நீரோ எழுதினது? நீர் முன்வாங்கில இருந்தனீர் எல்லோ?"

பூப்போட்ட சட்டைக்காரி. அவளேதான் என்று விளங்கிவிட்டது. ஆனாலும் கிண்ணத்தை வாங்கினேன். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். கீழே மகள் எழும்பி நின்று கைதட்டினாள். அந்தக் கைதட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

இறங்கி மேசைக்கு வந்தபோது அவரும் கூடவே வந்தார். என்னை ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை.

"யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட பெரிய இடப்பெயர்வோட பிரிஞ்சனாங்கள். அவவைத் தேடாத இடமில்லை. அந்த ரொட்டிக் கதையை அவவைத் தவிர வேற ஆர் எழுதுவினம் எண்டுதான் ஓடி வந்தனான்." ஒரு பெயரைச் சொன்னார். "எங்கை இருக்கிறா எண்டாவது உமக்குத் தெரியுமோ?"

அந்தப் பெயர் யாருடையது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. எவளுடைய நல்ல குணத்தை எடுத்து என்னுடையது என்று எழுதினேனோ, அவளுடைய பெயரே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் முழித்ததை அவர் கண்டுவிட்டார்.

"தெரியாது," என்றேன். "நான் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளும்."

"சம்பல் பட்டது, நாங்கள் சிரிச்சது, எல்லாம் அப்பிடியே எழுதியிருக்கிறீர்," என்றார். "ஒண்டும் விடாமல் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர், என்ன?"

நான் கிண்ணத்தை மேசைக்குக் கீழே வைத்தேன். பள்ளிக்கீதம் தொடங்கப்போகிறது என்று அறிவித்தார்கள். நெடுந்தூரம் கார் ஓடி வந்த மனுஷி, இருக்க இடம் தேடிப் பக்கத்துக் கதிரையைப் பார்த்தார். அதில் என் கைப்பை இருந்தது. அவசரமாக அதைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.