சாய்வு கடையில் நிமிர்ந்து நின்ற நாள்

சாய்வு என்ற பேரை நான் முதலில் கேட்டது கல்யாணமான மூன்றாம் வாரம். முடி வெட்டிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரருக்குப் பின்கழுத்தில் இடது பக்கம் மட்டும் முடி ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. யாரிடம் போய்த் தலையைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நம்ம சாய்வுகிட்டதான். அவன்மேல தப்பில்ல. நான்தான் தலையச் சாய்க்க மறந்துட்டேன்" என்றார். புது மாப்பிள்ளை அந்த மூன்று வாரத்தில் இன்னும் என்னென்ன மறந்தார் என்பது இங்கே வேண்டாம்.

விசாரித்துப் பார்த்தால் சாய்வு நமக்கு அந்நியர் இல்லை. என் மாமியாரின் கடைசித் தங்கை மகன், நாலு பெண்ணுக்குப் பிறகு பிறந்த ஒரே ஆண், எனக்குக் கொழுந்தன் முறை. பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கம் மடிந்து, உள்ளங்கால் பக்கத்துக் காலைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். கைக்குழந்தையிலேயே வாராவாரம் மாவுக்கட்டு மாற்றியிருந்தால் திரும்பியிருக்கும். சித்தி நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே இருந்துவிட்டாள். கால் காத்திருக்கவில்லை, முற்றிவிட்டது. பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித்தான் நடப்பார்.

பிடித்த தொழிலோ முடி வெட்டுவது. காலை முதல் சாயங்காலம் வரை நின்றே ஆக வேண்டும். நின்றால் உடம்பு இடது பக்கம் சாயும், கண்ணும் கூடவே சாயும். அவருக்கு நேராகத் தெரிகிற கோடு ஊருக்குக் கோணல். வாடிக்கைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்த உடனே, யாரும் சொல்லாமலே, தலையை இடது தோள் பக்கம் சாய்த்துக்கொள்வார்கள். சாய்ந்த ஆள் சாய்ந்த தலையை வெட்டினால் நேராக வந்துவிடும். அப்பா சாய்ப்பதைப் பார்த்து மகனும் சாய்ப்பான். கை சுத்தம், பேச்சு கலகலப்பு. அதனால் ஒருத்தருக்கும் அந்தக் கடையை விட மனசில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் அந்த ஊன்றுகிற ஓரத்தில் ஒரு புண் வந்தது. என்ன மருந்து போட்டும் ஆறவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, கொஞ்சம் எலும்பை வெட்டியெடுத்து, பாதத்தைத் திருப்பி, ஆணி போட்டு இறுக்கிவிட்டால் உள்ளங்கால் தரையில் படும், விட்டுவிட்டால் புண் பாதத்தையே கொண்டுபோய்விடும் என்றார். நின்று வேலை பார்க்க ஆறு மாதம் ஆகுமாம்.

சாய்வுக்குக் கத்தியைப் பார்த்துப் பயமில்லை, பொழுதெல்லாம் கத்தியோடு இருக்கிறவர்தானே. பயமெல்லாம் கடையை நினைத்துத்தான். மாடியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். அவருடைய மச்சினன் இதே தொழில் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தான். அவர் கெடு வைத்தார். ஆறு மாதம் கடையைப் பூட்டி வைக்கிறேன், ஏழாம் மாதம் முதல் நாள் காலையிலிருந்து ஷட்டர் இறக்குகிற வரைக்கும் நின்று வேலை செய்தால் கடை உன்னுடையது, நடுவில் ஸ்டூலைத் தேடினால் மச்சினனுக்கு என்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் பார்க்கப் போனபோது அவர் பெண்சாதி எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இருபது வருஷமா சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக் குடுங்கன்னு கேட்டேன்க்கா. அடிக்கல. இப்ப எல்லாத்தையும் கால்ல அடிச்சுக்கிட்டு வந்திருக்காரு."

ஆறு வாரம் காலைக் கீழே வைக்கக் கூடாது. அதற்கப்புறம் ஊன்றி நடக்கிற கட்டு ஆறு வாரம். கட்டைப் பிரித்ததும் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் வாய் பெரிய டீச்சர். தரையில் கிடக்கும் கோலிக்குண்டை விரலால் பொறுக்கி டப்பாவில் போடச் சொல்வாள். எடை மெஷின் ரெண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கால், ரெண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும் என்பாள். முதல் நாள் வலது மெஷினில் முக்கால் சாய்வும் இடது மெஷினில் கால் சாய்வும்தான் நின்றார்.

"நேரா நின்னா விழற மாதிரியே இருக்கு அண்ணி. சாஞ்சாத்தான் நேரா நிக்கற மாதிரி இருக்கு" என்று என்னிடம் குறைப்பட்டார். தினமும் ஏறி ஏறி, ஐந்தாம் மாதக் கடைசியில் முள் ரெண்டும் ஒத்துப்போயின.

இதற்குள் வாடிக்கைக்காரர்கள் வேறு கடைகளில் போய் உட்கார்ந்தும் தலையைச் சாய்த்திருக்கிறார்கள். கழுத்து சுளுக்கா, தைலம் தடவட்டுமா என்று அந்தக் கடைக்காரர்கள் கேட்டார்களாம்.

கெடு நாளும் வந்தது. சாய்வு கம்பு மாதிரி நிமிர்ந்து நின்றார். எல்லாரும் ஆசையாக வந்தார்கள், ஆசையாகத் தலையைச் சாய்த்தார்கள். இவர் நேராக வெட்டினார். வெளியே போன எட்டுப் பேரும் மத்தியானத்துக்குள் ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்துவிட்டார்கள். இந்தத் தடவை வலது பக்கம் இறங்கியிருந்தது. காலைத் திருப்பினதில் கை கெட்டுப்போச்சு என்று ஒருத்தர் சொல்ல, மச்சினன் வாசலில் நின்று சிரித்தான். சாய்வுக்கு முகம் செத்துப்போயிற்று. பழையபடி சாய்ந்து பார்த்தார். ஆணி விடவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் பெண்சாதி சாப்பாட்டோடு வந்தாள். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"உங்க கால நிமித்தியாச்சு. இவங்க கழுத்த யாரு நிமித்தறது?"

சாய்வுக்கு அப்போதுதான் விளங்கியது. எட்டுப் பேரையும் வரிசையாக உட்காரவைத்து, தாடையைப் பிடித்து நேராக்கி, பத்து எண்ணுகிற வரை அசையாதே என்று பயிற்சிக்காரப் பெண் மாதிரியே அதட்டினார். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கழுத்து பழைய இடத்துக்கே போகும், திரும்ப நேராக்குவார். கெட்டுப்போன தலைகளைச் சரி செய்வதற்குள் புதுத் தலைகள் வந்தன. கால் வீங்கியது, செருப்பு வாரைத் தளர்த்திவிட்டு நின்றார். ஸ்டூல் மூலையிலேயே கிடந்தது.

ஷட்டர் இறக்குகிற நேரத்துக்குக் கட்டடத்துச் சொந்தக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கப்படி தலை சாய்ந்தது. சாய்வு அதை நிமிர்த்தி, நிதானமாக வெட்டி, ஷட்டர் இறக்கலாமா என்று கேட்டார்.

சொந்தக்காரர் தன் பின்கழுத்தின் ரெண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். "இறக்கு. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

இப்போது சாய்வுக்கு வயது அறுபத்தேழு. அதே கடையில் நின்று முடி வெட்டிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் காலை நீட்டி உட்காருகிறார்.