அடிக்கவில்லை, குடிக்கவில்லை

ஒரு பெண் புருஷனை விட்டு விலக இந்துத் திருமணச் சட்டத்தில் என்னென்ன காரணங்கள் செல்லும் என்பதை, மெல்பர்ன் ஓரத்து வெரிபீயில் என் வாடகை யூனிட்டின் சமையலறையில் நின்று தோசைக்கு அரிசி கழுவிக்கொண்டே தெரிந்துகொண்டேன். போனில் மதுரை வக்கீலம்மா. மளிகைக் கடைக்குச் சீட்டு வாசிப்பது போல ஒவ்வொன்றாக வாசித்தார்.

"வேற பொம்பளை தொடர்பு?"

"இல்ல மேடம்."

"அடி, உதை?"

"இல்ல."

"குடிப்பாரா?"

"வருஷத்துக்கு ஒரு பியர். அதுவும் ஆபீஸ் பார்ட்டியில ஓசியில கெடச்சா."

"மதம் மாறிட்டாரா? மனநிலை சரியில்லையா? சந்நியாசம் வாங்கிட்டாரா?"

கிரிக்கெட்டையே துறக்க முடியாத மனிதர் உலகத்தை எங்கே துறப்பது. இல்லை என்றேன்.

"ஏழு வருஷமா ஆள் உயிரோட இருக்காரா இல்லையான்னே தகவல் இல்லாம இருந்தாலும் கேக்கலாம்மா."

அந்த இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் சபலம் தட்டியது. பதினோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். சாப்பாடு ரெடியா, சார்ஜர் எங்கே, இன்று எந்தக் கலர் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும், இந்த மூன்றைத் தவிர அந்த மனிதரிடமிருந்து எனக்கும் தகவல் ஏதும் வந்ததில்லை. ஆனால் வக்கீலம்மா கேட்டது அது இல்லையே. "அவர் இங்க பக்கத்துலயே, ட்ருகனினா வீட்லதான் இருக்கார் மேடம்" என்றேன்.

"அப்புறம் எதுக்கும்மா டைவர்ஸ்?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

இந்த ஊர் கோர்ட்டுக்குக் காரணமே வேண்டாம். பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தால் போதும், ஏன் எதற்கு என்று யாரும் குடைய மாட்டார்கள். நான் வீட்டை விட்டு வந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. ஆனால் கல்யாணம் நடந்ததும் பதிவு செய்ததும் மதுரையில். ஆஸ்திரேலியக் காகிதத்தை மட்டும் நீட்டினால் நம்ம ஊரில் செல்லாது என்று யாராவது கிளப்பலாம் என்று வக்கீலம்மா எச்சரித்தார். மெல்பர்னில் தனி ஆள், மதுரையில் இறங்கினால் அவர் பெண்டாட்டி என்கிற அரைகுறைப் பிழைப்பு எனக்குத் தேவையில்லை. வீடு வேண்டாம், நகை வேண்டாம், எந்த ஊரிலும் அவர் மனைவி இல்லை என்று ஆனால் போதும்.

அதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, பொய். "ஒரு தடவை கை நீட்டினதா எழுதிக்கலாம்மா, எல்லாரும் எழுதறதுதான்" என்றார் வக்கீலம்மா. மாட்டேன் என்றேன். என்னை அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். அடிக்கிறதுக்கும் எதிரே ஒருத்தி இருப்பது கண்ணில் பட வேண்டும். அந்த மனிதருக்கு அவ்வளவு கவனம் இருந்ததாக ஒரு கோர்ட்டில் எழுதி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று பரஸ்பர சம்மதம். காரணம் எழுத வேண்டியதில்லை, இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். ஆக, என் விடுதலை அவருடைய கையெழுத்தில் வந்து நின்றது.

பக்கத்து யூனிட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி. நல்ல மனுஷி, இடியப்பம் அவித்தால் எனக்கும் ஒரு டப்பா வரும். விஷயத்தைச் சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரும் அதே சீட்டை எடுத்தார்.

"அவர் உங்களுக்கு அடிக்கிறவரோ?"

"இல்ல அன்ரி."

"குடிக்கிறவரோ?"

"இல்ல."

"பிறகேன் பிள்ளை விட்டிட்டு வந்தனீங்கள்? அண்டைக்கு உங்கட கடிதங்களைக் கொண்டு வந்து தரேக்க கண்டனான். நல்ல அமைதியான ஆள்."

அன்று அவர் காரை விட்டே இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிக் கடிதக் கட்டை நீட்டிவிட்டுப் போனார். இதற்குப் பெயர் அமைதி. வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ்கூட அவரைவிடச் சத்தம் போடும், அதையும் யாரும் தங்கமான ஃபிரிட்ஜ் என்று சொல்வதில்லை. எனக்கு அன்ரி மேல் வந்த எரிச்சலில் இடியப்பம் இறங்கவில்லை.

சனிக்கிழமை மதியம், வக்கீலம்மா அனுப்பிய பரஸ்பர சம்மத மனுவை எடுத்துக்கொண்டு ட்ருகனினா போனேன். டிவியில் மேட்ச். பதினாலு மாதம் கழித்து வாசலில் வந்து நிற்கிறவளைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "வந்தியா, ஒரு காபி போடேன்." போட்டுக் கொடுத்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பால் தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. சொல்லவில்லை.

மனுவைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "நான் உன்ன அடிச்சிருக்கேனா? குடிச்சிட்டு வந்திருக்கேனா? வேற ஒருத்திய ஏறெடுத்துப் பாத்திருக்கேனா?" விரல் விட்டு எண்ணினார். வக்கீலம்மா வாசித்த அதே வரிசை. கெட்டவர்களைப் பிடிக்க எழுதி வைத்த பட்டியலை இவர் தன் நன்னடத்தைச் சான்றிதழாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒரே ஒரு காரணம் சொல்லு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"நாலு வருஷம் முன்னாடி எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்துச்சே. எதுக்குன்னு சொல்லுங்க."

"அதுவா? ஏதோ லேடீஸ் ப்ராப்ளம். நான்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்?"

கூட்டிக்கொண்டு போனார். மீட்டிங் இருக்கிறது என்று வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார். எடுத்தது தைராய்டு. கழுத்துக்குக் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தழும்பு. அந்தச் சனிக்கிழமையும் அதை மறைக்கக் கழுத்தில் எதையும் சுற்றிக்கொண்டு போகவில்லை. முன்பெல்லாம் இதை நினைத்து அழுதிருக்கிறேன். அன்று அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

"இதெல்லாம் எந்தச் சட்டத்துல காரணம்?" என்றார், எதற்கு ஆபரேஷன் என்று நான் சொல்வதற்குக்கூடக் காத்திருக்காமல்.

"எதுலயும் இல்லீங்க. ஆனா பொண்டாட்டி காரணமில்லாம விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சுன்னா புருஷன் கேஸ் போடலாம்னு இருக்கு. இன்னும் பத்து மாசம் பொறுத்துக்கங்க. மதுரைக் கோர்ட்டுல நீங்களே போடுங்க, எம் பொண்டாட்டி என்னய விட்டுட்டுப் போயிட்டான்னு. நான் மறுத்துப் பேச மாட்டேன்."

ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். ஊரில் எல்லோரிடமும், வேலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று எனக்குத் தனி ரூம் பார்த்துக் கொடுத்திருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"பரஸ்பரம்னா, ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவுன்னு சொல்லிக்கலாம், இல்ல?"

"சொல்லிக்கலாம்."

"நான் யோசிச்சுச் சொன்னதாகூடச் சொல்லிக்கலாம்."

"தாராளமா."

பேனா கேட்டார். ஒரு பக்கம் விடாமல் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் காகிதங்களைத் தட்டி அடுக்கி நீட்டினார். குனிந்து வாங்கினேன்.

"கழுத்துல என்ன அது, கோடு மாதிரி?"

"செயின் உரசினது."

"சிலருக்கு கோல்டு ஒத்துக்காது" என்றார். "ஆயின்மென்ட் ஏதாவது போடு."